நட்சத்திரத்தை எண்ணி டூல் வாங்காதீர்கள்

ஒரு நிறுவனம் டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூல் வாங்கத் தீர்மானித்தால் முதல் வேலையாக யாராவது ஒருவர் எக்ஸெல் தாளைத் திறப்பார். இடது ஓரத்தில் டெஸ்ட்ரெயில், எக்ஸ்ரே, செஃபிர், க்யூடெஸ்ட் என்று பெயர்கள் இறங்கும். அடுத்த பத்தியில் ஜி2 விமர்சனத் தளத்தின் மதிப்பெண், அதற்கடுத்து கேப்டெர்ராவின் மதிப்பெண், அதற்கும் அடுத்து எத்தனை பேர் விமர்சனம் எழுதியிருக்கிறார்கள் என்ற கணக்கு. மேலே வருகிற இரண்டு பெயர்களை எடுத்து மேனேஜருக்கு மெயில் அனுப்புவார்கள். "பயன்படுத்தியவர்களே சொல்லியிருக்கிறார்கள்" என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

இந்த வழக்கத்தில் சின்னக் குறை இருக்கிறது, கவனமாகச் செய்தால் சரியாகிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அடித்தளமே கோணல். பயனர் கருத்து இல்லாமல் எந்தக் கருவியையும் எடைபோட முடியாது. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கருத்துகளையெல்லாம் கூட்டி வகுத்து ஒற்றை எண்ணாக்கி, அந்த எண்ணைக் கொண்டு ஒரு டூலை இன்னொரு டூலோடு ஒப்பிடுகிறோமே, அதைத்தான் மறுக்கிறேன். டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூல் விஷயத்தில் அந்த எண் அளப்பது வேறு, வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு.

எதிர்த்தரப்பின் பலத்தை மறைக்க வேண்டாம். விமர்சனத் தளங்கள் வருவதற்கு முன் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. மெர்க்குரி நிறுவனத்தின் டெஸ்ட்டைரக்டர் கோலோச்சிய நாட்களில், விற்பனைப் பிரதிநிதியும் வாங்கும் நிறுவனத்தின் மேல்மட்டமும் பேசி முடித்தால் முடிந்தது. அந்த டூலில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யப்போகும் டெஸ்டரை ஒருவரும் கேட்கவில்லை. டெமோ என்று காட்டப்படும் ப்ராஜெக்ட்டில் நாற்பது டெஸ்ட் கேஸ் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ரிக்வயர்மென்ட்டோடு அழகாக இணைந்திருக்கும். ரிப்போர்ட் கண் சிமிட்டும் நேரத்தில் வரும். நிஜத்தில் பன்னிரண்டாயிரம் டெஸ்ட் கேஸ்கள், அவற்றில் பாதி ஒன்றின் நகல் ஒன்றாகக் கிடக்கும் ரெப்பாசிட்டரியில் அதே ரிப்போர்ட் என்ன பாடுபடும் என்று டெமோவில் தெரியாது. 1999-இல் தொடங்கிய கேப்டெர்ராவும், 2012-இல் தொடங்கிய ஜி2-வும், 2015-இல் வந்த கார்ட்னர் பியர் இன்சைட்ஸும் இந்த இருட்டில் ஒரு ஜன்னலைத் திறந்தன என்பது உண்மை. அந்த நன்றி எனக்கும் உண்டு. அந்த ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது என்பதே கேள்வி.

முன்னணிக் கருவிகளின் மதிப்பெண்களைப் பாருங்கள். பெரும்பாலும் நாலுக்கும் நாலரைக்கும் பக்கத்தில்தான் நிற்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தசமப் புள்ளிக்கு அப்புறம்தான். எல்லாரும் நல்ல டூல் செய்கிறார்கள் என்பது இதற்குப் பொருளல்ல. 2009-இல் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் மூன்று ஆய்வாளர்கள் இணைய விமர்சனங்களின் வடிவத்தைப் பற்றி எழுதினார்கள். ஐந்து நட்சத்திரத்தில் பெருங்கூட்டம், ஒரு நட்சத்திரத்தில் சிறு கூட்டம், நடுவில் பள்ளம். இதற்கு அவர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒரு பொருள் தனக்குப் பிடிக்கும் என்று நினைப்பவர்தான் அதை வாங்குகிறார். அதனால் தொடக்கமே சாய்வு. வாங்கியவர்களிலும் மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கொதித்தவரும்தான் எழுதுகிறார்கள். "பரவாயில்லை, ஓடுகிறது" என்று இருப்பவர் எழுதுவதில்லை. இப்படி வந்த குவியலின் சராசரி பயனர்களின் நடுநிலைக் கருத்தைக் காட்டாது என்பது அவர்கள் முடிவு. அவர்கள் ஆராய்ந்தது கடையில் விற்கும் சாதாரணப் பொருள்களை. ஒருவர் வாங்கி நூறு பேர் பயன்படுத்தும் அலுவலக மென்பொருளில் இந்தச் சாய்வு குறையும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

இதன்மேல் பரிசு அட்டை வேறு. விமர்சனம் எழுதினால் கிஃப்ட் கார்டு என்ற அழைப்பு இந்தத் துறையில் எல்லாரும் அறிந்தது. ஜி2 போன்ற தளங்கள் அப்படி வந்த விமர்சனத்துக்கு அடையாளச் சீட்டு ஒட்டுகின்றன, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் எக்ஸெல் தாளுக்கு வரும்போது சீட்டு உதிர்ந்துவிடுகிறது, எண் மட்டும் வந்து சேர்கிறது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-இல் கொண்டுவந்த விதி போலி விமர்சனத்தையும், நல்லவிதமாக எழுதினால்தான் பணம் என்ற நிபந்தனையையும் தடை செய்கிறது. எப்படி எழுதினாலும் பரிசு என்பதை அது தடுக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்ற அளவில் அது வந்தது. எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. விற்பனை நிறுவனம் யாருக்கு அழைப்பு அனுப்பும் என்று யோசியுங்கள். லைசென்ஸைப் புதுப்பித்தவருக்கு அனுப்பும். டூலை விட்டுப் போனவருடைய முகவரி அதன் பட்டியலில் முன்வரிசையில் இருக்காது.

யார் எழுதுகிறார்கள் என்பதைவிட யார் எழுதவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. சென்னை ஓஎம்ஆரில் இருக்கும் ஒரு சர்வீஸ் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். டூலைத் தேர்ந்தெடுத்தது அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் க்ளையன்ட். அவள் க்ளையன்ட்டின் நெட்வொர்க்குக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போய், அங்கே இருக்கும் டூலில் ரிசல்ட் போடுகிறாள். ஒரு நாளைக்கு அறுபது டெஸ்ட் கேஸ், ஒவ்வொன்றிலும் சுமார் பத்து ஸ்டெப் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுநூறு ஸ்டெப்புக்கு அறுநூறு கிளிக். ஒவ்வொரு கிளிக்குக்கும் பக்கம் இரண்டு நொடி யோசித்தால் இருபது நிமிடம் வெறும் காத்திருப்பு. ஸ்கிரீன்ஷாட்டை இழுத்துப் போட முடியாமல், சேமித்து, உலாவி, தேர்ந்தெடுத்து ஏற்ற வேண்டிய டூல் என்றால் இன்னொரு அரை மணி. இந்த டூலின் உண்மையான பயனர் அவள்தான். வேறு யாரையும்விட அவளுக்குத்தான் அதன் எலும்பும் நரம்பும் தெரியும். ஆனால் க்ளையன்ட்டின் உள்விவகாரத்தைப் பொதுவெளியில் எழுத ஒப்பந்தம் பெரும்பாலும் இடம் தராது. எழுதச் சொல்லி அவளுக்கு யாரும் அழைப்பும் அனுப்புவதில்லை. விமர்சனம் எழுதுவது க்ளையன்ட் பக்கத்து க்யூஏ மேனேஜர். அவர் காலையில் டாஷ்போர்டைத் திறப்பார். பச்சை, சிவப்பு, சாம்பல் நிறங்களில் வட்டம் சுழலும். "ரிப்போர்ட்டிங் அருமை" என்று எழுதுவார். அவர் கண்ட அளவில் அது உண்மையே. அந்தப் பச்சையை நிரப்ப இங்கே இரவு ஷிப்ட்டில் என்ன நடந்தது என்பது அந்த நாலரை நட்சத்திரத்துக்குள் இல்லை.

எழுதாதவர்கள் இன்னும் இருவர் உண்டு. ஒருவர் ஆடிட்டர். மற்றவர், டூல் வாங்கி மூன்று ஆண்டு கழித்து டீமில் சேரப்போகும் புது டெஸ்டர். இவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். என் வாதத்தின் கனம் முழுக்க அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. விமர்சனம் எதைப் பற்றி எழுதப்பட்டது? பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். இந்தத் துறையில் அந்த நினைப்பு செல்லாது. டெஸ்ட்டைரக்டர் பிறகு குவாலிட்டி சென்டர் ஆனது. 2006-இல் மெர்க்குரியை ஹெச்பி சுமார் 450 கோடி டாலருக்கு வாங்கியது. ஏஎல்எம் என்ற பெயரும் வந்து சேர்ந்தது. 2017-இல் அது மைக்ரோ ஃபோகஸ் கைக்குப் போனது. 2023-இல் மைக்ரோ ஃபோகஸையே ஓப்பன்டெக்ஸ்ட் வாங்கிவிட்டது. ஒரே கருவிக்கு நாலு வீடு. "சப்போர்ட் டீம் உடனே பதில் சொல்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தால் எந்த வீட்டின் சப்போர்ட் டீம்?

செஃபிர் கதை இன்னும் சிக்கல். கனோவா டெஸ்ட்ஸ் என்ற பெயரில் பிறந்த ஜிரா ஆட்-ஆன் ஒன்று அடாப்டவிஸ்ட்டிடம் போய் டிஎம்4ஜே ஆனது. பிறகு ஸ்மார்ட்பியரிடம் வந்து செஃபிர் ஸ்கேல் ஆனது. ஸ்மார்ட்பியர் ஏற்கெனவே செஃபிரை வாங்கியிருந்தது. செஃபிர் ஃபார் ஜிரா என்றிருந்ததுதான் செஃபிர் ஸ்க்வாட் ஆனது. பிறப்பிலேயே வேறான இரண்டு கருவிகள் ஒரே குடும்பப் பெயரைச் சுமக்கின்றன. "செஃபிர் மெதுவாக இருக்கிறது" என்று ஒருவர் புலம்பினால் எந்தச் செஃபிர் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒப்பீட்டுத் தாள் தயாரிப்பவர் தேடுவதில்லை.

டெஸ்ட்ரெயிலையும் எக்ஸ்ரேயையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடாத ஒப்பீடு அரிது. ஜெர்மனியின் குரோக் நிறுவனம் உருவாக்கிய டெஸ்ட்ரெயிலை 2018-இல் ஐடெரா வாங்கியது. எக்ஸ்ரேயையும் 2021-இல் அதே ஐடெரா வாங்கியது. போட்டியாளர்கள் என்று நாம் தாளில் வரைந்த இரண்டு பத்திகளுக்கும் உரிமையாளர் ஒருவரே. இதனால் இரண்டும் கெட்டுவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. 2017-இல் எழுதிய புகழ்ச்சியையும் 2024-இல் எழுதிய புகாரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது எந்த ஆண்டின் எந்த டூலுக்கும் பொருந்தாத எண் என்று சொல்கிறேன்.

ஜிராவைத் தயாரிக்கும் அட்லாசியன் தன் சர்வர் பதிப்புக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதுவரை சொந்த சர்வரில் ஜிரா ஓட்டியவர்கள் க்ளவுடுக்கோ டேட்டா சென்டருக்கோ போக வேண்டியதாயிற்று. ஜிராவின் மேல் உட்காரும் டெஸ்ட் ஆட்-ஆன்களுக்கு சர்வர் பதிப்பு ஒன்று, க்ளவுட் பதிப்பு ஒன்று என்று இரண்டு உடல்கள் இருந்தன. வேகமும் ஏபிஐயும் ஒரே மாதிரி இருந்ததில்லை. சில வசதிகள் ஒன்றில் இருந்தன, மற்றதில் இல்லை. சர்வர் காலத்தில் எழுதப்பட்ட பாராட்டைப் பார்த்து க்ளவுட் பதிப்பை வாங்குபவர் வேறொரு டூலைத்தான் வாங்குகிறார். அளவுகோலும் ஒன்றல்ல என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். அட்லாசியன் மார்க்கெட்ப்ளேஸ் பல ஆண்டுகள் நாலு நட்சத்திர அளவில் மதிப்பிட்டது. ஜி2 ஐந்தில் மதிப்பிடுகிறது. அங்கே 3.6 வாங்கியது நூற்றுக்குத் தொண்ணூறு. இங்கே 4.3 வாங்கியது எண்பத்தாறு. பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தால் முன்னது தோற்றதுபோல் தெரியும்.

விலையைப் பற்றிய கருத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆட்-ஆனைப் பற்றி "விலை மலிவு" என்று ஒருவரும் "கொள்ளை" என்று இன்னொருவரும் எழுதுவார்கள். இருவருமே உண்மை சொல்கிறார்கள். ஜிரா க்ளவுடில் ஆட்-ஆனுக்கான கட்டணம் அதைப் பயன்படுத்தும் டெஸ்டர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. அந்த ஜிராவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் கட்ட வேண்டும். மொத்தமே பத்துப் பேர் இருக்கும் ஸ்டார்ட்-அப்புக்கு அது காபிச் செலவு. ஐந்நூறு பேர் ஜிரா பயன்படுத்தி அதில் பன்னிரண்டு பேர் மட்டும் டெஸ்டர் என்றால் மீதி நானூற்று எண்பத்தெட்டு பேருக்கும் சேர்த்துப் பணம் போகும். டெஸ்ட்ரெயில் மாதிரி தனியாக நிற்கும் டூலில் உள்ளே வருபவருக்கு மட்டும் கட்டணம். ஆனால் டெவலப்பர்கள் ரிசல்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்களுக்கும் சீட் வாங்க வேண்டுமா என்ற அடுத்த கேள்வி எழும். "விலை" என்ற தலைப்பின் கீழ் இந்த இரண்டுக்கும் சராசரி நட்சத்திரம் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து யாராவது பட்ஜெட் போட முடியுமா?

இப்போது நான் தள்ளிவைத்த இருவரிடம் வருகிறேன். டெஸ்ட் மேனேஜ்மென்ட் டூல் எதற்காக? டெஸ்ட் கேஸ் எழுத எக்ஸெல் போதும்; எத்தனையோ டீம்கள் இன்னும் அதில்தான் எழுதுகின்றன. ரிசல்ட் குறிக்கவும் எக்ஸெல் போதும். டூல் என்று ஒன்றைப் பணம் கொடுத்து வாங்குவது நினைவுக்காக. இந்த ரிலீஸில் எதைச் சோதித்தோம், எந்தப் பில்டில், எந்த டேட்டாவோடு, யார், அன்றைக்கு அந்த டெஸ்ட் கேஸில் என்ன எழுதியிருந்தது, எது ஃபெயில் ஆகியும் ரிலீஸ் செய்தோம், ஏன். இதை இன்று கேட்க மாட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து கஸ்டமர் பணம் தொலைந்த பிறகு கேட்பார்கள். அந்த நாளில் பதில் தரும் டூல்தான் நல்ல டூல். அந்த நாள் வருவதற்கு வெகு முன்பே, டூல் வாங்கிய சில மாதங்களிலேயே, விமர்சனம் எழுதப்பட்டுவிடுகிறது.

ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மார்ச் மாதம் ஒரு பணப் பரிமாற்ற டெஸ்ட் கேஸ். ஏழாவது ஸ்டெப்பில் "ஒரு லட்சத்துக்கு மேல் அனுப்பினால் ஓடிபி இரண்டு முறை கேட்க வேண்டும்" என்று எதிர்பார்ப்பு எழுதியிருக்கிறது. டெஸ்டர் ஓட்டினார், பாஸ் போட்டார். ஜூன் மாதம் விதி மாறியது. யாரோ அந்த ஸ்டெப்பை "இரண்டு லட்சத்துக்கு மேல்" என்று திருத்தினார். இப்போது மார்ச் ரன்னைத் திறந்தால் ஏழாவது ஸ்டெப் என்ன சொல்லும்? டெஸ்ட்ரெயிலில் ரன்னை மூடிவிட்டால் அன்றைய நிலை அப்படியே உறையும். மூடாமல் திறந்தே வைத்திருந்தால் டெஸ்ட் கேஸில் செய்த திருத்தம் ரன்னிலும் தெரியும். எக்ஸ்ரேயில் ரன் உருவாகும்போதே ஸ்டெப்களின் பிரதி எடுக்கப்படுகிறது. மூலம் மாறினால் ரன்னைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது பயனர் கையில். இரண்டுமே நியாயமான வடிவமைப்பு. ஆனால் ரன்னை மூடும் பழக்கமே இல்லாத டீம் முதல் வகை டூலை வாங்கினால், மார்ச்சில் டெஸ்டர் சோதித்தே இராத ஒன்றுக்கு அவர் பெயரில் பாஸ் நிற்கும். ஆடிட்டர் முன்னால் அந்த டெஸ்டர் என்ன பதில் சொல்வார்? டூலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. எத்தனை நூறு விமர்சனத்தைக் கூட்டினாலும் இதற்கான பதில் சராசரியில் வராது. அக்கறையுள்ள ஒருவர் எழுதிய ஒற்றைப் பத்தியில் வரும். அவர் மூன்று நட்சத்திரம்தான் கொடுத்திருப்பார்.

மருத்துவக் கருவிக்கோ மருந்துக்கோ மென்பொருள் செய்பவர்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை. அமெரிக்க எஃப்டிஏவின் 21 சிஎஃப்ஆர் பார்ட் 11 என்ற விதி 1997-லிருந்து நடப்பில் இருக்கிறது. மின்னணுப் பதிவை யார் எப்போது மாற்றினார்கள் என்ற தடம் நேரத்தோடு பதிய வேண்டும், மாற்றத்துக்கு முன் இருந்ததை மாற்றம் மறைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அந்த வேலையைச் செய்யும் டீம்கள் சென்னையிலும் இருக்கின்றன. மொபைல் கேம் செய்யும் டீமின் ஐந்து நட்சத்திரம் அவர்களுக்கு எதற்கு உதவும்?

பச்சை வட்டத்தின் மேல் இருக்கும் மோகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விமர்சனங்களில் அதிகம் புகழப்படுவது அதுதான். 2024 ஜூலை 19-ஆம் தேதி க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு கன்டென்ட் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை விழ வைத்தது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. அடுத்த மாதம் அந்த நிறுவனமே வெளியிட்ட மூலகாரண அறிக்கையைச் சோதனைத் துறையில் இருப்பவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஒரு டெம்ப்ளேட் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அதற்குக் கொடுக்கும் கோட் 20-தான் கொடுத்தது. சோதனை நடக்காமல் இல்லை. சோதனைகள் நடந்தன, பாஸும் ஆயின. ஆனால் அந்தச் சோதனைகளில் இருபத்தோராவது இடத்துக்கு எதுவானாலும் பொருந்தும் வைல்ட்கார்டு வைத்திருந்தார்கள்; அதனால் அந்த இடம் உண்மையில் படிக்கப்படவே இல்லை. ஜூலை 19 அப்டேட்டில் முதல் முறையாக அங்கே ஒரு நிஜ மதிப்பு வந்தது. எந்த டாஷ்போர்டிலும் இது பச்சையாகத்தான் தெரிந்திருக்கும். "எந்த டேட்டாவோடு பாஸ்?" என்ற கேள்வியைக் கேட்கத் தூண்டும் டூல், அந்தப் பதிலை ரிசல்ட்டின் பக்கத்திலேயே எழுத இடம் தரும் டூல், பிறகு வரும் புது டெஸ்டர் அதைத் தேடி எடுக்க வழி வைத்திருக்கும் டூல் வேண்டும் நமக்கு. விமர்சனப் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். "அப்படியானால் சேல்ஸ்மேனை நம்பச் சொல்கிறீர்களா?" இல்லை. பயனரை நம்பச் சொல்கிறேன், ஆனால் ஒரு டெஸ்டர் நம்புகிற விதத்தில். ஒரு ஜூனியர் வந்து "ஆப் வேலை செய்யலை" என்று ஒரு பக் போட்டால் நாம் என்ன செய்வோம்? எந்த வெர்ஷன், எந்த என்விரான்மென்ட், என்ன ஸ்டெப், என்ன எதிர்பார்த்தாய், என்ன வந்தது என்று கேட்டுத் திருப்பி அனுப்புவோம். விமர்சனத்தையும் அதே கண்ணால் படிக்க வேண்டும். க்ளவுடா, சொந்த சர்வரா? எத்தனை பேர்? எத்தனை டெஸ்ட் கேஸ்? எழுதியவர் அட்மினா, மேனேஜரா, தினமும் ரன் ஓட்டுபவரா? இந்த விவரம் எதுவும் இல்லாத ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் ஒரே குப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். ஜி2 தன் விமர்சனங்களில் எழுதியவருடைய நிறுவனத்தின் அளவைக் குறிப்பிடுகிறது. ஐம்பது பேர் வரை, ஆயிரம் பேர் வரை, அதற்கு மேலே என்று பிரித்துப் பார்க்கலாம். அந்த வசதியைத் தொடாமல் மொத்த எண்ணை மட்டும் நகலெடுப்பதற்குச் சோம்பல் தவிர வேறு பெயர் இல்லை.

எண்ணிக்கையை வைத்து ஒதுக்குவதில் இன்னொரு அநியாயமும் நடக்கிறது. ரெட் ஹாட் நிறுவனத்தின் நைட்ரேட்டிலிருந்து வளர்ந்த கிவி டிசிஎம்எஸ், பிஹெச்பியில் எழுதப்பட்ட டெஸ்ட்லிங்க் போன்ற திறந்த மூலக் கருவிகளுக்கு விமர்சனம் எழுதச் சொல்லிப் பரிசு அட்டை அனுப்பப் பெரிய விற்பனைத் துறை கிடையாது. விமர்சனம் குறைவு, அதனால் பட்டியலில் கீழே, அதனால் தாளிலேயே ஏறுவதில்லை. டெஸ்ட்லிங்க்கின் திரை பழசுதான். அதைப் பார்த்து முகம் சுளிப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் டேட்டா நம் டேட்டாபேஸில் இருக்கிறது, யார் யாரை வாங்கினாலும் அது நம்மை விட்டுப் போகாது என்ற ஒன்றுக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று அந்தத் தளங்களுக்குத் தெரியாது.

"சின்ன கம்பெனி, ஆராய நேரமில்லை" என்பது இரண்டாவது பதில். நேரமில்லாத கம்பெனிக்குத்தான் தவறான டூல் அதிகம் வலிக்கும். மாற்ற ஆள் இருக்காது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இலவச ட்ரையல் உண்டு. அந்த நாட்களை டெமோ ப்ராஜெக்ட்டைச் சுற்றிப் பார்த்து வீணாக்காதீர்கள். போன ரிலீஸின் ரிக்ரெஷன் டெஸ்ட் கேஸ்களை, அழுக்கோடு, நகல்களோடு, இரண்டு டூலுக்குள்ளும் ஏற்றுங்கள். தினமும் ரன் ஓட்டும் இருவரை உட்கார வைத்து ஒரு முழு நாள் வேலையை அதில் செய்யச் சொல்லுங்கள். மேனேஜர் அந்த நாளில் எதையும் கேட்க வேண்டாம். மறுநாள் ஒரு டெஸ்ட் கேஸைத் திருத்தி, நேற்றைய ரன்னைத் திறந்து பாருங்கள். டெவலப்பர் ஒருவரிடம் ஃபெயில் ஆன ஒன்றின் லிங்க்கைக் கொடுத்து, டெஸ்டரைக் கூப்பிடாமல் அவரால் பக்கைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள்.

பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஒருவரும் செய்யாத வேலை இது, ஆனால் ட்ரையலிலேயே முக்கியமானது. சிஎஸ்வியாக எக்ஸ்போர்ட் செய்தால் பல வரி கொண்ட ஸ்டெப்கள் முழுசாக வருகின்றனவா, உடைந்து அடுத்த கட்டத்தில் விழுகின்றனவா? ஸ்கிரீன்ஷாட்கள் வருகின்றனவா, அவற்றின் பெயர் மட்டும் வருகிறதா? பழைய ரன்களின் ரிசல்ட்டும் கமென்ட்டும் வருகின்றனவா, இன்றைய டெஸ்ட் கேஸ் மட்டும்தானா? தமிழில் இயங்கும் ஆப்பைச் சோதிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எதிர்பார்ப்புப் பத்தியில் "கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்று தமிழில் எழுதியிருக்கும் கேஸ்களை எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை எக்ஸெலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து பாருங்கள். யூனிகோட் அடையாளம் இல்லாமல் வந்த கோப்பாக இருந்தால் தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வாய்க்குள் நுழையாத குறிகள் வரிசையாக நிற்கும். அது தெரியாமல் சேமித்து மறுபடி ஏற்றினால் அந்த ஸ்டெப்கள் அதோடு போயின. உலகம் முழுக்க எழுதப்பட்ட ஆயிரம் விமர்சனங்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடைத்தாலே பெரிது, ஏனென்றால் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழில் சோதிப்பவர்கள் அல்ல.

இத்தனைக்கும் பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கும் நிலைக்கு வந்துவிட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். லைசென்ஸ் முடிந்தால் எத்தனை நாள் வரை உள்ளே போய் டேட்டாவை எடுக்கலாம்? ரன் வரலாறு, இணைப்புக் கோப்புகள், யார் எப்போது மாற்றினார் என்ற தடம் எல்லாம் எந்த வடிவில் வெளியே வரும்? நிறுவனம் வேறு கைக்கு மாறினால் இந்த ஒப்பந்தத்தின் விலை எத்தனை ஆண்டு நிற்கும்? "எங்கள் சப்போர்ட் டீமிடம் கேளுங்கள், உதவுவார்கள்" என்று போனில் சொல்வார்கள். அதை அப்படியே மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வரும்வரை பர்ச்சேஸ் ஆர்டரை நிறுத்தி வையுங்கள்.